அறிவின் விலையை யார் கொடுத்தார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். மரபணு அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளி நூலகத்தில் எடுத்த, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை வாசித்துவிட்டு, “அதிகம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் எல்லாக் கதையிலும் அழிந்துதானே போகிறான்?” என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர், “அதற்குத்தான் சொல்கிறேன், பெண் பிள்ளைக்கு இவ்வளவு ஆசை வேண்டாம்” என்று பேச்சை முடித்துவிட்டாராம். அந்தத் தாய் மேலும் எழுதுகிறார்: “என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்பைத் தாண்டி எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. படிப்பே கிடைக்காதவர்களின் பிள்ளைகளுக்கு, அறிவு ஆபத்து என்று சொல்லும் கதைகளை எதற்காகக் கொடுக்க வேண்டும்?”

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. உறவினர் எடுத்த முடிவு தவறானது. இவை இரண்டிலும் எனக்குத் தயக்கம் இல்லை. மகளின் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவள் கவனித்ததில் பாதி உண்மை இருக்கிறது. அறிவைத் தேடிப் போனவர்கள் உலக இலக்கியத்தில் நிறையவே விழுந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளை வாசிக்கும்போது நம் கண் நாயகனை விட்டு நகர்வதில்லை. அவன் எவ்வளவு உயரம் ஏறினான், எப்படிக் கீழே விழுந்தான் என்றே பார்க்கிறோம். அவன் ஏறியதற்கும் விழுந்ததற்கும் விலை கொடுத்தவர்கள் கதையின் ஓரத்தில் கிடக்கிறார்கள். அவர்கள் பக்கம் போய் நின்று வாசித்தால் கதை வேறொன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது இதுதான்; மற்றவை எல்லாம் இதற்கான சான்றுகள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். அறிவைக் கண்டு அஞ்சியவர்கள் உருவாக்கிய கதைகள் உண்டு. அறிவைத் தங்கள் வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டவர்கள், மற்றவர்கள் அதைத் தொட்டால் அழிவார்கள் என்று மிரட்டிய கதைகள் உண்டு. ஏகலைவன் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. மண்ணால் ஒரு குருவைச் செய்து வைத்துக்கொண்டு, காட்டில் தனியாகப் பயிற்சி செய்தான். அதற்கு விலையாக வலது கைக் கட்டைவிரல் போனது. பரசுராமரிடம் தன் பிறப்பை மறைத்து வில்வித்தை கற்ற கர்ணனுக்கு, மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்த வித்தை மறந்து போகும் என்ற சாபம் கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் கற்றுக்கொடுத்திருப்பார்களா என்ற கேள்வியை அந்தக் கதை கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. பழைய மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ சொல்லும் தோடாக் மீன்களின் கதையை உங்கள் மகள் ஆரம்பப் பள்ளியிலேயே கேட்டிருப்பாள். சிங்கப்பூர்க் கரையில் கூர்மூக்குத் தோடாக் மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்து மக்களைக் குத்திக் கொல்கின்றன. மன்னன் தன் ஆட்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே வேலியாக்குகிறான். செத்து விழுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அப்போது ஒரு சிறுவன், மனிதக் காலுக்குப் பதிலாக வாழைத்தண்டை நட்டால் போதுமே என்கிறான். அப்படியே செய்கிறார்கள், மீன்களின் மூக்கு வாழைத்தண்டில் சிக்கிக்கொள்கிறது, ஊர் பிழைக்கிறது. இந்த வயதிலேயே இவ்வளவு புத்தி என்றால் வளர்ந்த பிறகு என்ன செய்வானோ என்று பெரியவர்கள் மன்னனிடம் ஓதுகிறார்கள். சிறுவன் கொல்லப்படுகிறான்.

இந்தக் கதையில் அறிவு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அறிவின்மைதான் மனிதர்களை வரிசையாக நிற்க வைத்துக் கொன்றது. அந்தப் பழைய நூலை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்தச் சிறுவனின் இரத்தப் பழி சிங்கப்பூர் மீது விழுந்தது என்றே அவர்கள் எழுதிவைத்தார்கள். மகளின் ஆசையை அடக்க யாராவது கதை சொன்னால், நீங்கள் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தோட்டப்புறத்தில் நடந்ததும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகையாகவோ, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் ஓர் அறையாகவோ இருந்தது. கங்காணியோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) ஓய்ந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த தலைமுறைக்கும் பால் வெட்ட ஆள் வேண்டும் என்ற கணக்கில் அளந்து கொடுக்கப்பட்ட படிப்பு அது. அதனால் உங்கள் வீட்டில் ஆறாம் வகுப்போடு நின்றவர்களுக்கு ஆசை குறைவாக இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி ஃபிராங்கன்ஸ்டைனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1815 ஏப்ரலில் நம் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானத்தில் ஏற்றிய துகள்கள் சூரிய ஒளியை மறைத்ததால், 1816 இல் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த சில எழுத்தாளர்கள் ஓயாத மழையால் வீட்டுக்குள் அடைபட்டு, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷெல்லி. அப்போது அவருக்கு 18 வயது, ஏறக்குறைய உங்கள் மகளின் வயது. பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடிப் புத்தகம் எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்டின் மகள் அவர். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவர் ‘படிக்காதே’ என்று சொல்வதற்காகவா ஒரு நாவல் எழுதியிருப்பார்? 1818 ஜனவரியில் நூல் வெளிவந்தபோது அதில் அவருடைய பெயர்கூட இல்லை.

கதை உங்களுக்குத் தெரியும். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், உயிரின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான், பிணங்களின் உறுப்புகளிலிருந்து ஓர் உருவத்தைச் செய்து அதற்கு உயிர் கொடுக்கிறான். இதுவரை நாவல் அவனைத் தண்டிக்கவில்லை. அந்த உருவம் கண் திறந்ததும் அவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். அதன் தோற்றத்தைப் பார்த்து அருவருத்து, படுக்கையறைக்கு ஓடிவிடுகிறான். அது அவன் படுக்கையருகே வந்து கையை நீட்டுகிறது. அவன் வீட்டை விட்டே ஓடுகிறான். பிறந்து சில நிமிடங்களே ஆன ஒரு உயிரைக் கைவிட்டுப் போகிறான். நாவலின் குற்றம் இங்கே நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அவன் கண்டுபிடித்ததை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, இந்த ஓர் இரவை மட்டும் மாற்றிவிட்டால், பின்னால் வரும் சாவுகள் பெரும்பாலும் நடந்திருக்காது.

கைவிடப்பட்ட அந்த உயிர் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதையும் பாருங்கள். ஒரு ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அவர்கள் பேசுவதைக் கேட்டு மொழி கற்றது. அந்த வீட்டுக்கு வந்த வேற்று நாட்டுப் பெண்ணுக்கு அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, அதைக் கேட்டே எழுத்தும் படித்தது. பிறகு வழியில் கிடந்த சில புத்தகங்களை எடுத்து வாசித்தது. அவற்றில் ஒன்று மில்டனின் காவியம். யாரும் கற்றுக்கொடுக்க முன்வராத ஒருவன் இடுக்கு வழியாகப் பார்த்துக் கற்பதை நாம் வேறு எங்கே பார்த்தோம்? ஏகலைவன்தான் அவன். ஆக, ஒரே நாவலுக்குள் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். எல்லா வசதியும் கிடைத்து, கற்றதற்குப் பொறுப்பேற்காத ஒருவன். எதுவும் கிடைக்காமல், மனிதர்களோடு சேர்ந்து வாழ்வதற்காகவே கற்ற இன்னொருவன். அறிவு ஆபத்தானது என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தால், இந்த இரண்டாவது மாணவனை மேரி ஷெல்லி படைத்திருக்கவே வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஜஸ்டின் மோரிட்ஸ் பற்றி. பெரும்பாலான வாசகர்களுக்கு அவள் பெயர் நினைவில் இருப்பதில்லை. பெற்ற தாய்க்கே பிடிக்காமல் போய், பன்னிரண்டு வயதில் ஃபிராங்கன்ஸ்டைன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த பெண். விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம் கொலை செய்யப்படுகிறான். அவனிடம் இருந்த சிறிய உருவப்படம் ஜஸ்டினின் சட்டைப் பையில் கிடைக்கிறது. உண்மையில் கொன்றது விக்டர் படைத்த உயிர். படத்தை அவளிடம் வைத்ததும் அதுதான். விக்டருக்கு இது புரிந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அவன் வாய் திறப்பதில்லை. சொன்னால் தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்கிறான். நரகத்துக்குப் போவாய் என்று பாதிரியார் மிரட்டியதில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜஸ்டின் தூக்கில் தொங்குகிறாள். விசாரணை நடக்கும்போது விக்டர் தன் மனத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு வாக்கியம் இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவளின் வேதனை என் வேதனைக்கு ஈடாகாது, அவளுக்கு நிரபராதி என்ற ஆறுதலாவது இருக்கிறது.

தூக்குமேடைக்குப் போகும் வேலைக்காரப் பெண்ணைவிடத் தனக்கே துன்பம் அதிகம் என்று நினைக்கிறான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும். ‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை’ என்று குறள் கேட்கும் கேள்வி விக்டரின் முகத்துக்கு நேராகக் கேட்கப்பட்டது போலிருக்கிறது. பிற உயிரின் நோயைத் தன் நோயாக எண்ணிக் காக்க முடியாவிட்டால், அந்த அறிவால் ஆகப் போவது என்ன?

நாவலின் கடைசியையும் மகளிடம் கவனமாக வாசிக்கச் சொல்லுங்கள். வட துருவத்தைத் தேடிப் போகும் வால்டன் என்ற மாலுமிதான் விக்டரின் கதையைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதுகிறான். கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. வழி திறந்தால் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று கப்பல் ஆட்கள் கேட்கிறார்கள். சாகக் கிடக்கும் விக்டர், பேராசையை விட்டுவிடு என்று ஒரு பக்கம் வால்டனுக்குப் புத்தி சொல்கிறான். இன்னொரு பக்கம், பின்வாங்க நினைத்த அந்த ஆட்களைக் கோழைகள் என்று திட்டுகிறான். மூச்சு நிற்கும் நேரத்தில்கூட, நான் தோற்றுவிட்டேன், ஆனால் வேறொருவன் வெல்லலாம் என்கிறான். அவன் கடைசிவரை திருந்தவில்லை. வால்டனோ, மனம் கசந்துபோய், ஆட்கள் கேட்டபடியே கப்பலைத் திருப்ப ஒப்புக்கொள்கிறான். தன் தேடலுக்கு உயிரை விலையாகக் கொடுக்கப் போகிறவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னபோது அவன் காது கொடுத்தான். விக்டருக்கு மாற்றாக மேரி ஷெல்லி காட்டும் மனிதன், துருவத்தையே தேடாத சோம்பேறி அல்லன். தேடிக்கொண்டே பிறர் சொல்வதையும் கேட்கத் தெரிந்தவன்.

சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபாஸ்ட் என்ற அறிஞனின் கதைக்கு இரண்டு பெரிய வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் மார்லோ எழுதிய நாடகத்தில் (அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1604 இல் அச்சானது), தத்துவம், மருத்துவம், சட்டம், இறையியல் எல்லாம் கற்றுச் சலித்த அறிஞன் ஃபாஸ்டஸ் 24 ஆண்டுகளுக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு இரத்தத்தால் எழுதிக் கொடுக்கிறான். இவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கிய ஆற்றலை வைத்து அவன் செய்வதைப் பார்த்தால் அழுகை வரும். போப்பாண்டவரின் விருந்தில் தட்டைப் பிடுங்குகிறான். குளிர்காலத்தில் ஒரு சீமாட்டிக்குத் திராட்சை வரவழைத்துக் கொடுக்கிறான். குதிரை வியாபாரி ஒருவனிடம் நாற்பது காசு வாங்கிக்கொண்டு, தண்ணீரில் இறங்கியதும் வைக்கோலாகிவிடும் குதிரையை விற்கிறான். அந்த வியாபாரிக்கு அது பெரிய பணம். புத்தகங்களை எரித்துவிடுகிறேன் என்று கடைசியில் ஃபாஸ்டஸ் கதறுகிறான். புத்தகங்கள் என்ன பாவம் செய்தன? அவை அவனை எங்கும் இழுத்துப் போகவில்லையே.

ஜெர்மானியக் கவி கெத்தே தன் வாழ்நாள் முழுவதும் எழுதிய ‘ஃபாஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாகம் 1832 இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. அதன் ஐந்தாம் அங்கம் நம் போன்ற தோட்டப்புறத்து மக்களுக்காகவே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும். ஃபாஸ்ட் இப்போது கிழவன். கடலைப் பின்னுக்குத் தள்ளி, அணை கட்டி, புதிய நிலத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறான். இலட்சக்கணக்கானவர்கள் அங்கே சுதந்திரமாக வாழ வேண்டும் என்பது அவன் கனவு. கனவு பெரியது, கெட்டதும் அல்ல. ஆனால் அந்த நிலத்தின் ஓர் ஓரத்தில் ஒரு சிறு குடிசை, ஒரு சிறு கோயில், சில பழைய மரங்கள் இருக்கின்றன. பிலேமோன், பௌகிஸ் என்ற வயதான தம்பதி அங்கே காலங்காலமாக வாழ்கிறார்கள். கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் ஃபாஸ்டுக்கு எரிச்சல். தன் திட்டம் முழுமை அடையாமல் அந்த ஒரு துண்டு நிலம் தடுக்கிறதே என்று. அவர்களுக்கு வேறு இடம் ஒதுக்கியாகிவிட்டது, அங்கே அனுப்பிவிடு என்று தன்னோடு இருக்கும் சாத்தான் மெஃபிஸ்டோவுக்குக் கட்டளை இடுகிறான். இரவில் ஆட்கள் போகிறார்கள். குடிசையும் கோயிலும் மரங்களும் எரிகின்றன. கிழவனும் கிழவியும் செத்துப்போகிறார்கள். ‘நான் மாற்றிடம்தான் கொடுக்கச் சொன்னேன், பறிக்கச் சொல்லவில்லையே’ என்று ஃபாஸ்ட் கோபிக்கிறான்.

சகோதரி, தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொல்லி, மாரியம்மன் கோயிலுக்கு மாற்று இடம் ‘பார்த்துத் தருவதாக’ வாக்குக் கொடுக்கப்பட்ட எந்தக் குடும்பத்திலும் போய் இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வந்தவர்கள் எல்லாம் கொடியவர்கள் அல்லர். பலர் வீடமைப்புத் திட்டம், நெடுஞ்சாலை, வளர்ச்சி என்று உண்மையாகவே நம்பியவர்கள். மாற்றிடம்தான் கொடுக்கச் சொன்னோம் என்று அவர்களும் சொன்னார்கள். கெத்தே அந்த நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. ஃபாஸ்டைக் கடைசியில் கண்ணிழக்க வைக்கிறார். வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. என் திட்டம் நடக்கிறது, கால்வாய் வெட்டுகிறார்கள் என்று அவன் மகிழ்கிறான். அவர்கள் தோண்டுவது அவனுடைய குழியை.

நம் பக்கத்துக் கதைகளுக்கு வருகிறேன். மகாபாரதத்தின் வனபர்வத்தில் யவக்கிரீதன் என்றொருவன். ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கற்பதை ஒதுக்கி, தவத்தாலேயே வேதங்களை அடைந்துவிட நினைக்கிறான். இந்திரன் ஒரு முதியவராக வந்து, கங்கைக்கு அணை கட்டுவதாகச் சொல்லிக் கைப்பிடி கைப்பிடியாக மணலை ஆற்றில் போட்டுக்கொண்டே இருக்கிறார். இது நடக்கிற காரியமா என்று யவக்கிரீதன் சிரிக்க, உன் முயற்சியும் இப்படித்தான் என்கிறார். அவனோ விடாப்பிடியாக இருந்து வரத்தை வாங்கிவிடுகிறான். இந்தப் பகுதியை வைத்து மட்டும் பார்த்தால், குரு இல்லாமல் கற்காதே என்று மிரட்டும் கதையாகவே தெரியும். அந்த வாடை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேதம் கிடைத்த பிறகு அவன் செய்த முதல் காரியம், ரைப்பிய முனிவரின் மருமகளிடம் முறைகேடாக நடந்துகொண்டது. அவன் சாவு அதனால்தான் வந்தது. அந்த மருமகளுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. ஜஸ்டினைப் போலவே அவளும் ஓரத்தில் நிற்கிறாள்.

இராவணனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். கம்பன் அவனை மூடன் என்று எங்கும் காட்டவில்லை. முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும்போது அவன் இழந்தவற்றைக் கம்பன் வரிசைப்படுத்துகிறான்: யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதருக்கு ஏற்றபடி இசை பாடிய நாக்கு. ‘வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்று முடிக்கிறான். கலை, கல்வி, வரம் எல்லாம் இருந்தவன். அவனிடம் இல்லாதது, சொல்வதைக் கேட்கும் செவி. ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ என்று கும்பகருணன் அவையிலேயே முகத்துக்கு நேராகச் சொல்கிறான். விபீடணன் சொல்கிறான். மாரீசன் அதற்கு முன்பே சொல்கிறான். யார் சொல்லியும் ஏறவில்லை. பிறகு செத்தவர்களின் வரிசையில் கும்பகருணன், இந்திரசித்து, பெயர் தெரியாத ஆயிரமாயிரம் அரக்கர் எல்லாரும் இராவணனுக்கு முன்னால் போகிறார்கள். அவன் கடைசியாகத்தான் சாகிறான்.

இக்காரஸ் கதையைப் பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி கேட்கிறோம். மெழுகில் ஒட்டிய சிறகோடு சூரியனுக்கு அருகில் பறந்து விழுந்த பையன். உயரப் பறக்காதே என்று தந்தை சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ரோமானியக் கவி ஓவிட் எழுதியதில் அந்தத் தந்தை இன்னொன்றும் சொல்கிறார்: மிகவும் தாழப் பறக்காதே, கடல் நீர் சிறகை நனைத்துக் கனக்க வைத்துவிடும். அந்தப் பாதியை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இப்போது நம் ஊர். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாகங்சார் அதிக தூரம் இல்லை. பிரேசிலிலிருந்து 1876 இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், 1877 இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்றை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக 1888 இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். உங்கள் பெற்றோரின் கையில் இருந்த உளி போன பாதை அவர் ஆய்வில் வந்தது. அறிவுத் தேடல் என்பது எங்கோ ஜெர்மனியில் நடந்த கதை அல்ல. நாம் இந்த மண்ணில் இருப்பதற்கே அது ஒரு காரணம். மரத்தின் காயம் எப்படி ஆறும் என்று அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அறிவு, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றவரின் உடம்பை அதே நுணுக்கத்தோடு பார்த்ததா? அந்த வரலாற்றைப் படிக்கும் எவரும் இதைக் கேட்க வேண்டும்.

சில அறிவாளிகள் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத் தோட்டங்களில் மலேரியா குடும்பம் குடும்பமாக மக்களை வாரிக்கொண்டு போனது. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897 இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்புகளை வடிகட்டி நோயைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அதைச் செய்தார். அங்கே மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது அறியாமை. தோடாக் மீன் கதையில் வரிசையாக நின்ற கால்களை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பராகுவாட் என்ற களைக்கொல்லி வேதியியலின் பெரிய சாதனையாக இருந்தது. சில மணி நேரத்தில் புல் கருகும். அதை முதுகில் டின் சுமந்து, செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல் நகம் கழன்றவர்களையும் மூக்கில் இரத்தம் வந்தவர்களையும் நம் தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். பல்லாண்டு இழுபறிக்குப் பிறகு, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் மலேசியாவில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்த நஞ்சைக் கண்டுபிடித்தவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கையறைக்கு ஓடிய விக்டரைப் போல, அது வெளியே போன பிறகு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் நீண்ட காலம் பார்க்கவில்லை.

பேராசையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் உறவினர் அங்கேதான் கை வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தும் ஃபாஸ்டும் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்கு மற்றவர்கள் பணம் கட்டினார்கள். ஐம்பதுகளின் கடைசியில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். 1960 இல் உங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்கலாம் என்றார். நாள் கூலி வாங்குகிறவன் துரையின் தோட்டத்தை வாங்க நினைப்பதைவிடப் பெரிய ஆசை அந்தக் காலத்தில் எது இருந்திருக்கும்? அவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டினார்கள், தோட்டங்களை வாங்கினார்கள். அங்கே ஆசைப்பட்டவரும் விலை கொடுத்தவரும் பங்கு பெற்றவரும் ஒரே ஆட்கள். ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. உங்கள் மகளின் ஆசையும் இந்த வகைதான் என்று நம்புகிறேன்.

அவள் தேர்ந்தெடுத்திருக்கும் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மேரி ஷெல்லியின் நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில், சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அவரை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் மற்ற மரபணு விஞ்ஞானிகளே. அடுத்த ஆண்டு அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எல்லாரும் அவரைப் பற்றியே பேசினார்கள். அந்த இரண்டு குழந்தைகளின் உடம்பில் என்ன மாறியது, பெற்றோருக்கு எவ்வளவு புரிய வைக்கப்பட்டது என்பதைக் கேட்டவர்களின் எழுத்துகளை உங்கள் மகள் தேடி வாசிக்கட்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கும் மரபணு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களால் வியக்கவோ பயப்படவோ மட்டுமே முடியும்.

வாசிப்புக்கு ஒரு யோசனை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை மேரி ஷெல்லி 1831 இல் திருத்தி எழுதினார். அதில் விதியின் கை கொஞ்சம் நீண்டுவிடுகிறது. 1818 பதிப்பில் விக்டர் ஒவ்வோர் அடியையும் தானே எடுத்து வைக்கிறான். முடிந்தால் அந்தப் பதிப்பையே வாங்கிக் கொடுங்கள். கெத்தேயின் இரண்டாம் பாகம் முழுவதையும் இந்த வயதில் படிக்கத் தேவையில்லை. ஐந்தாம் அங்கம் போதும். அதற்கு முன்பு, பிலேமோன், பௌகிஸ் பற்றி ஓவிட் சொன்ன பழைய கதையை வாசித்துவிட வேண்டும். மாறுவேடத்தில் வந்த தேவர்களை ஊரே விரட்டியடித்தபோது, இருந்த ஒரே வாத்தையும் சமைத்துப்போட முனைந்த ஏழைத் தம்பதி அவர்கள். தேவர்கள் அவர்கள் குடிசையைக் கோயிலாக்கினார்கள். அதே பெயர்கள் கொண்ட தம்பதியின் குடிசையைத்தான் ஃபாஸ்டின் ஆட்கள் எரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அவள் அந்த அங்கத்துக்குள் போகட்டும்.